மஞ்சள் வாளி

கொம்பையா குளித்து முப்பத்தெட்டு நாளாகியிருந்தது. இதை அவன் யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாட்டுச் சோதனை நிலையத்தில் வேலை பார்த்த பதினான்கு பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இடம் பிடித்தார்கள். மாடுகள் பாவம், அதுகளுக்கு எழுந்து தள்ளி உட்காரவும் வழியில்லை என்று எலெக்ட்ரீஷியன் அருள்ராஜ் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"வாளியில வார தண்ணிய என்னய்யா பண்ணுதீரு? விக்கீரோ?"

"குடிக்கேன்," என்பான் கொம்பையா. "எனக்குத் தாகம் ஜாஸ்தி."

அது இரண்டாயிரத்து அறுபத்துமூன்றாம் வருஷத்துக் கோடை. விளாத்திகுளத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் நாற்பத்தெட்டு டிகிரி வெயில் என்பது செய்தியாக இருந்த காலம் போய், நாற்பத்தைந்துக்கு இறங்கினால்தான் செய்தி என்றாகிவிட்டது. ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது லிட்டர் தண்ணீர். நீலக் கேனில் எட்டு லிட்டர், குடிக்கவும் சமைக்கவும். மஞ்சள் வாளியில் பன்னிரண்டு லிட்டர், குளிக்கவும் துவைக்கவும். மாடு வைத்திருப்பவர்களுக்கு, மாடு குடிக்கிற தண்ணீர் போக, தலைக்கு முப்பது லிட்டர் தெளிப்புத் தண்ணீர் தனிக் குழாயில் வந்தது. தொழுவத்துக் கூரையில் பொருத்திய சின்னச் சின்ன துளைகள் வழியே பகல் முழுக்க அது பனி மாதிரி மாட்டின் மேல் இறங்கும். அது நின்றால் மாடும் நிற்காது. மனுஷனுக்கே அளந்து ஊற்றுகிற நாளில் மாட்டுக்கு மழை பெய்கிறதாக்கும் என்று டவுன்காரர்கள் கேட்டார்கள். கேட்டதிலும் தப்பில்லை, அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன அல்லவா!

அந்த முப்பது லிட்டரை மிச்சம் பிடிக்கத்தான் நிலையத்தையே கட்டினார்கள். அதற்குத் தலைமை டாக்டர் ஜைனப். காயல்பட்டினத்துப் பெண், பதினோரு வருஷமாக மாட்டு வயிற்றைத் தவிர வேறு எதையும் நினைக்காதவள். சோதனை தொடங்கும் அன்று தொழுவத்து ஆட்களைக் கூப்பிட்டு, கையில் ஒரு கிண்ணம் தயிரை வைத்துக்கொண்டு பேசினாள்.

"மாடு தின்ற வைக்கோலைக் கரைக்கிறது மாடு இல்லண்ணே. அது வயித்துக்குள்ள இருக்கிற கோடிக்கணக்கான கிருமிங்க. பாலுக்கு உறை மாதிரின்னு வச்சுக்கோங்க. கோடையில உங்க வீட்டுத் தயிர் என்ன ஆகுது?"

"புளிச்சு நுரைச்சுப் போவும்," என்றான் கொம்பையா.

"அதேதான் உள்ளயும். வெயில் ஏறுனா மாடு வாயைத் திறந்து இரைக்குது. எச்சில் பூரா தரையில ஒழுகிருது. வயித்துப் புளிப்பை முறிக்கிறதே அந்த எச்சில்தான். அது உள்ள போகலன்னா வயிறு புளிக்கும். நல்ல கிருமி சாகும், புளிப்புக் கிருமி பெருகும். கடைசியில குடல் சுவர் இத்துப்போயி விஷம் ரத்தத்துல கலந்துரும். மாடு வெயில்ல செத்துச்சுன்னு நாம சொல்றோம். உண்மையில அது வயித்துலதான் சாகுது."

"அதுக்கு என்ன வழி டாக்டரம்மா?"

"வெயில் தாங்குற உறை ஒண்ணு வளர்த்திருக்கோம். கண்ணாடிக் குடுவையில எந்தச் சூட்டுலயும் நிக்குது. மாட்டு வயித்துல நிக்குதான்னுதான் பாக்கணும். அதனால ஒரே ஒரு கண்டிஷன். காலையில பதினொண்ணுல இருந்து நாலு வரைக்கும் மாட்டு மேல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. பட்டா இத்தனை வருஷமும் வீண்."

பன்னிரண்டு மாடுகள். ஆறுக்கு உறை கொடுத்தார்கள், ஆறுக்குக் கொடுக்கவில்லை. உறை கொடுத்த ஆறில் ஏழாம் எண் மாடு செவலை. அவள் கொம்பையாவின் தங்கச்சி வேலுத்தாயின் மாடு.

வேலுத்தாய் பக்கத்து ஊர் கீழ்நாட்டார்பட்டியில் இருந்தாள். புருஷன் உப்பளத்து வெயிலில் சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் ரதியும் அவளும் மூன்று மாடுகளும்தான் குடும்பம். மூன்றுக்கும் தீவனம் கட்டவில்லை என்று செவலையை நிலையத்துக்குக் கொடுத்தாள். கயிற்றைக் கொம்பையா கையில் வைத்துவிட்டு, "அண்ணே, இவ வெயிலுக்குத் தாங்க மாட்டா. நீ அங்க இருக்கேன்னுதான் குடுக்கேன்," என்றாள்.

மூன்று நாள் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். நான்காம் நாள் செவலையின் நாக்கு வெளியே தொங்கியது. எச்சில் நூல் நூலாகத் தரையில் வழிந்து ஈரத் திட்டாகி, அதுவும் கண்ணெதிரே காய்ந்தது. அவள் அவனையே பார்த்தாள். மாடு பார்ப்பதற்கெல்லாம் அர்த்தம் கிடையாது என்று நிலையத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கொம்பையாவுக்கு அது மண்டையில் ஏறவில்லை.

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அரை மணி நேரம் கரண்ட் போகும். மின்விசிறி நிற்கும், கேமரா நிற்கும், எல்லோரும் நிலவறைக்குள் இறங்கிவிடுவார்கள். அந்த அரை மணியில் கொம்பையா தன் மஞ்சள் வாளியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குள் போனான். பழைய வேட்டி ஒன்றை முக்கி, செவலையின் கழுத்திலிருந்து இடுப்பு வரை போர்த்தினான். காயக் காய மறுபடி நனைத்தான். மீதி வேலையைக் கரிசல் காட்டு அனல்காற்றே செய்தது. பத்து நிமிஷத்தில் அவள் வாயை மூடினாள். எச்சிலை விழுங்கினாள். கரண்ட் வருவதற்குள் அவன் துணியை எடுத்துவிட்டான். முதுகு ஈரம் வெயிலில் காய எவ்வளவு நேரம்! சாயங்காலம் அவள் கண்ணை மூடி அசை போட்டாள்.

அன்றிலிருந்து கோடை முடியும் வரை ஒரு நாள் தவறவில்லை. அவனும் குளிக்கவில்லை.

ஆவணியில் கணக்கெடுத்தபோது உறை கொடுக்காத ஆறும் விழுந்திருந்தன. உறை கொடுத்ததில் ஐந்து எழ முடியாமல் அடிமாட்டு லாரியில் போயின. ஏழாம் எண் மட்டும் குத்துக்கல்லாக நின்றது. டாக்டர் ஜைனப் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கு ஓடியே வந்தாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"கொம்பையாண்ணே, இதைப் பாருங்க! இது இவ வயித்துக்குள்ள இருக்கிற மாத்திரைக் கருவி எழுதுன சூட்டுக் கோடு. கரண்ட் இல்லாட்டியும் அது பாட்டுக்கு எழுதும். தினமும் ஏறி ஏறி வந்து, சரியா ரெண்டு மணிக்கு இறங்குது பாருங்க. மத்த எதுலயும் இல்ல. அந்த நேரத்துல உறை உள்ள என்னவோ பண்ணுதுண்ணே. இவகிட்டதான் அது வேர் பிடிச்சிருக்கு!"

கொம்பையா கோட்டைப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன், கோடு படிக்கத் தெரியாதவன். ஆனால் இரண்டு மணி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். சொன்னால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. செவலையும் தோற்ற மாடாகி, அந்த ஐந்தின் பின்னால் லாரியில் ஏறிவிடுவாளே! போதாக்குறைக்கு அவனுக்கே நிச்சயமில்லை. பதினோரு வருஷம் படித்துச் செய்த மருந்து எங்கே, பழைய வேட்டி எங்கே? மருந்துதான் பிடித்திருக்கும், நம் தண்ணீர் சும்மா ஒரு ஆறுதலுக்கு என்று நினைத்துக்கொண்டான்.

"நல்லது டாக்டரம்மா," என்றான்.

செவலை ராணியாகிவிட்டாள். குளிரூட்டிய தனி அறை, தனித் தீவனம். விலாவில் வட்டமாக வழி வெட்டி ரப்பர் மூடி போட்டு, அதன் வழியே வயிற்று நீரை எடுத்துப் பெரிய தொட்டிகளில் பெருக்கினார்கள். இவ்வளவு அருமையான மாட்டை மறுபடி வெயிலில் நிறுத்திப் பார்க்க யாருக்கு மனசு வரும்? டாக்டர் ஜைனப் மட்டும் இன்னொரு கோடை வேண்டும் என்று கேட்டாள். மேலிடத்தில், காத்திருக்க நேரமில்லை, மாசி மாதத்திலேயே நாற்பது மாட்டுக்குக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள் என்றார்கள். நாற்பதும் நன்றாக நின்றன. மாசியில் எந்த மாடு விழும்? அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

பங்குனியில் விழா வைத்தார்கள். சுற்றியிருந்த நான்கு தாலுகாவிலும் வீட்டுக்கு வீடு உறைக் குடுவை போனது, தெளிப்புக் குழாய் மூடியது. மிச்சமான தண்ணீர் டவுனுக்குத் திரும்பியது. ஆளுக்கு நான்கு லிட்டர் கூடியதற்கு டவுனில் வெடி வெடித்தார்கள். ஏழாம் எண் மாட்டைப் பார்த்துக்கொண்டதற்காகக் கொம்பையாவுக்குப் பொன்னாடை போட்டார்கள். அவன் அதைப் பிரிக்காமலே டிரங்குப் பெட்டிக்கு அடியில் திணித்தான். அந்தக் கோடையில் அவன் தினமும் குளித்தான். அருள்ராஜ் நிலையத்து வாசலில் கற்பூரம் கொளுத்தி வைத்து, "சாமி மலையேறிட்டாரு!" என்று கும்பிட்டான்.

சித்திரை பிறந்த எட்டாம் நாள் வேலுத்தாய் போன் பண்ணினாள்.

"அண்ணே, மயிலை ரெண்டு நாளா அசை போட மாட்டேங்கா. சாணி தண்ணியாப் போவுது. புளிச்ச மாவு நாத்தம் நாறுது."

"உறை குடுத்தேல்லா?"

"சொன்னபடியே குடுத்தேன்."

"புது உறை பிடிக்கப் பத்து நாளாவும் தாயி. கொஞ்சம் பொறுத்துக்கோ."

ஊர் ஊராகப் போன் பண்ணுகிறவர்களுக்குச் சொல்லச் சொல்லி அச்சடித்துக் கொடுத்திருந்த பதில் அது. சொந்தத் தங்கச்சியிடமும் அதையே ஒப்பித்துவிட்டு, போனை வைத்தான்.

நான்காம் நாள் மறுபடி போன். இந்தத் தடவை அவள் அழுதாள். கொம்பையா இரண்டு குடுவை உறையை எடுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கீழ்நாட்டார்பட்டிக்கு மிதித்தான். போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. மயிலை காலை நீட்டிப் படுத்திருந்தாள். அவளுடைய இடது விலாவுக்குப் பின்னாலுள்ள குழியில் காதை வைத்தான். நல்ல மாடு என்றால் தூரத்தில் வண்டி உருளுவது மாதிரி நிமிஷத்துக்கு ஒரு தரமாவது கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இன்னொரு மாடு சுட்டி நின்றுகொண்டே நாக்கைத் தொங்கப் போட்டிருந்தாள். எச்சில் தரையில் சொட்டியது.

"டாக்டரம்மா என்ன சொல்லுதாக?" என்றாள் வேலுத்தாய். "இந்த ரெண்டும் போச்சுன்னா ரதி படிப்ப நிப்பாட்டிட்டு உப்பளத்துக்குத்தாண்ணே போவணும். அவ அப்பன் சுருண்டு விழுந்த எடத்துக்கு."

ரதி மயிலையின் வாயில் மொய்த்த ஈயை முந்தானையால் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம் உறை குடுப்போம்," என்றான் கொம்பையா.

சுட்டியின் வாயைத் திறந்து ஊற்றினான். கையெல்லாம் புளித்த நீர். வேலுத்தாய் மூலையில் இருந்த மஞ்சள் வாளியைக் கொண்டுவந்து வைத்து, "கையக் கழுவுண்ணே," என்றாள். வீட்டில் இரண்டு மஞ்சள் வாளிகள், இரண்டும் நிறைந்திருந்தன. அன்றைய தண்ணீர் அப்போதுதான் வந்திருந்தது. கொம்பையா குனிந்து கையைக் கழுவினான். மணி இரண்டு. சொல்ல வாயெடுத்தான். என்னவென்று சொல்வது? பொன்னாடை போர்த்திக்கொண்டு மேடையில் நின்றவன், அது பொய்யென்று தங்கச்சியிடம் சொன்னால், அவள் முதலில் கேட்பது ஏன் முன்னமே சொல்லவில்லை என்றுதானே? விழுங்கிக்கொண்டான். கை கழுவிய தண்ணீர் மண்ணில் ஓடிச் சுட்டியின் குளம்பு வரை போய் வற்றியது.

மயிலை அன்று சாயங்காலமும், சுட்டி அதற்கு ஐந்தாம் நாளும் செத்தார்கள்.

சுட்டி செத்த மறுநாள் காலையில் கொம்பையா டாக்டர் ஜைனபின் அறைக் கதவைத் தட்டினான். அவள் மேஜையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் சுவரில் அந்தக் கோடு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

"நேத்து வரைக்கும் நானூத்துப் பதினொண்ணுண்ணே," என்றாள் நிமிராமலே. "எல்லாம் வயிறு புளிச்சு. செவலைகிட்ட பிடிச்ச உறை ஏன் வேற எதுலயும் பிடிக்க மாட்டேங்குதுன்னு எனக்குப் புரியல. தொட்டியில தப்பா, குடுவையில தப்பா, தலையே வெடிச்சிரும் போல இருக்கு."

"தொட்டியில தப்பில்ல டாக்டரம்மா." அவன் சட்டத்தைக் கை காட்டினான். "அந்த ரெண்டு மணி இறக்கம் இருக்கில்லா, அது உறை இல்ல. நாந்தான்."

"என்ன நீங்க?"

"கரண்டு போற நேரத்துல என் குளிக்கிற தண்ணிய வேட்டியில முக்கி அவ மேல போட்டேன். கோட பூரா. ஒரு சொட்டுப் படக்கூடாதுன்னீக. பன்னெண்டு லிட்டர் பட்டுச்சு."

டாக்டர் ஜைனப் எழுந்தாள். சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேஜையில் வைத்து, கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். இரண்டு மணிக்கு வந்ததும் விரல் நின்றது.

"கரண்ட் போற நேரமும் சூடு இறங்குற நேரமும் ஒண்ணா இருக்கேன்னு எனக்குத் தோணவே இல்லையே," என்றாள். "எட்டு மாசமா தினமும் பாத்தேன். அல்லாஹ்! நான் கண்ணத் திறந்து வச்சுக்கிட்டே தூங்கியிருக்கேன்." பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "எவ்வளவு சொன்னீங்க?"

"பன்னெண்டு லிட்டர்."

"வேற எப்பவாவது ஊத்துனீங்களா? காலையில? சாயங்காலம்?"

"இல்ல. என்கிட்ட அம்புட்டுதான இருந்துச்சு."

அவள் ஒரு தாளை இழுத்து ஏதோ எழுதினாள். எழுதியதை அடித்தாள். மறுபடி எழுதினாள். பேனாவைக் கீழே வைத்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"பகல் முழுக்க முப்பது லிட்டர் தெளிச்சோம்ணே. பாதி மாட்டு மேல படுறதுக்குள்ள ஆவியாப் போச்சு. நீங்க சூடு உச்சிக்கு ஏறுற அந்த நேரம் பாத்து, பன்னெண்டு லிட்டரை ஈரத்துணியா அது தோல் மேலயே போட்டிருக்கீங்க. எச்சில் உள்ள போயிருக்கு, வயிறு பிழைச்சிருக்கு. உறையே வேண்டாம்ணே. தலைக்குப் பதினெட்டு லிட்டர் மிச்சம். அதை டவுனுக்குக் குடுத்திருக்கலாம். மாடும் நின்னிருக்கும். நான் பதினோரு வருஷமா தேடுனது இதைத்தான். என் தொழுவத்துலயே இருந்திருக்கு."

கொம்பையா மேஜையில் கிடந்த சட்டத்தைப் பார்த்தான். திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தான். இதற்கு அவன் தயாராகவில்லை.

"ஏண்ணே சொல்லல?"

"வேல போயிரும்னு பயம். அவ லாரியில போயிருவான்னு அதவிடப் பயம். நீங்க இம்புட்டுப் படிச்சவுக டாக்டரம்மா. என் அழுக்கு வேட்டியாலயா ஒரு மாடு நிக்கப் போவுதுன்னு நெனச்சேன்."

"நான் கேட்டிருக்கணும்," என்றாள் அவள். "அந்த அரை மணி நேரம் தொழுவத்துல யாரு இருந்தான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். இன்னைக்கே எழுதி அனுப்புறேன். ஆனா டவுனுக்குத் திருப்புன தண்ணியை ஒரே நாள்ல திருப்ப முடியாது. ஆனி ஆடியாவது ஆகும். உங்க பேரை எழுதுனா வேலை போயிரும், தெரியும்ல?"

"எழுதுங்க," என்றான்.

நிலையத்திலிருந்து நேரே கீழ்நாட்டார்பட்டிக்குப் போனான். வேலுத்தாய் தொழுவத்தில் இருந்தாள். முளைக்குச்சிகளிலிருந்து கயிறுகளை அவிழ்த்து, ஒவ்வொன்றாகச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ரதியைக் காணவில்லை. உப்பளத்து வண்டியில் விடியற்காலையே போய்விட்டாள் என்றாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே வைத்தாள்.

கொம்பையா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வேட்டி, கரண்ட் போகும் நேரம், சுவரில் மாட்டிய கோடு, பொன்னாடை, கை கழுவிய அன்று விழுங்கிய வார்த்தை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவள் கீழே வைத்த கயிற்றையே பார்த்துக்கொண்டு கேட்டாள். அடித்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"எத்தன லிட்டர்?" என்றாள் கடைசியில்.

"பன்னெண்டு."

அவள் திரும்பி மூலையைப் பார்த்தாள். அங்கே இரண்டு மஞ்சள் வாளிகள் இருந்தன, அவளுடையது ஒன்று, ரதியுடையது ஒன்று. அன்றைய தண்ணீர் தொடாமல் அப்படியே இருந்தது.

"வருஷம் பூரா வேண்டாம்ணே, ஒரு சித்திரை, ஒரு வைகாசி. நானும் எம் மகளும் குளிக்காமக் கெடந்திருப்போமே," என்றாள் வேலுத்தாய். "ரெண்டு பேரு. ரெண்டு மாடு."